துண்டுக்குத் தலை பின்னும் கிட்: நூல் அருமை, துளைகள் மோசம்

அடுப்படியில் கை துடைக்கிற துண்டு வைத்த இடத்தில் இருப்பதே இல்லை. ஈரக்கையோடு தேடும்போது அது யாரோ ஒருவர் தோளில் ஏறி வேறு அறைக்குப் போயிருக்கும், இல்லாவிட்டால் தரையில் கிடக்கும். துண்டின் மேல்விளிம்பில் குரோஷாவில், அதாவது கொக்கி ஊசியால், மேலே குறுகிக்கொண்டே போகிற ஒரு பட்டை பின்னி (இதைத்தான் தலை என்கிறேன்), பட்டனும் காஜாவும் வைத்து அலமாரிக் கைப்பிடியில் மாட்டிவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது. பின்னத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு சாயங்கால வேலை. புதிதாகப் பின்ன வருகிறவர்களுக்கும் இதைத்தான் முதல் வேலையாகச் சொல்வேன், ஏனென்றால் முடித்த அன்றைக்கே பயன்படுத்தலாம்.

இதற்கென்றே விற்கிற கிட் ஒன்றை வாங்கி நாலு மாதம் ஆகிறது. உள்ளே பாதியாக வெட்டிய பருத்தித் துண்டுகள் இரண்டு, இரண்டு நிறத்தில் நாலு இழை காட்டன் நூல், 5 மி.மீ. குரோஷா ஊசி, மரப் பட்டன் இரண்டு, ஒரு செய்முறைத் தாள். இதில் பெரிதாக விளம்பரப்படுத்துவது துண்டின் விளிம்பில் ஏற்கெனவே போட்டிருக்கும் துளைகளைத்தான். தைக்கவே வேண்டாம், ஊசியை நுழைத்துப் பின்ன ஆரம்பித்துவிடலாம் என்கிறார்கள். நான் ஒரு துண்டை அவர்கள் சொன்னபடியே பின்னினேன், இன்னொன்றை என் வழியில். இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கைப்பிடியில் தொங்கியதால் வித்தியாசம் தினமும் கண்ணில் பட்டது.

முதலில் அந்தத் துளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பார்க்க அழகாக, சம இடைவெளியில், அளவெடுத்த மாதிரி இருக்கும். ஆனால் நெய்த துணியில் துளையை வெட்டி எடுத்தால் அந்த இடத்தில் பாவும் ஊடும், அதாவது நெடுக்கு இழையும் குறுக்கு இழையும், இரண்டுமே அறுந்துவிடும், அறுந்த இழையைப் பிடித்து நிறுத்த அங்கே ஒன்றும் இல்லை. ஈரத் துண்டு கனக்கும், அந்தக் கனம் முழுவதும் மேல்விளிம்பில்தான் விழும், போதாததற்குக் கை துடைக்கிற ஒவ்வொருவரும் கீழே இழுப்பார்கள். மூன்றாவது துவைப்பிலேயே இரண்டு ஓரத் துளைகளும் நீளவாக்கில் கிழிந்து, நூல் அப்படியே வெளியே வந்து தொங்கியது. கண்ணருகே வைத்துப் பார்த்தேன். துளைக்கும் துணியின் விளிம்புக்கும் நடுவில் நாலைந்து இழைதான் மிச்சம் விட்டிருக்கிறார்கள். ஒரு சென்டிமீட்டராவது உள்ளே தள்ளிப் போட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் தாங்கியிருக்கும். துளைதான் வேண்டுமென்றால் குத்தூசியால் குத்துவது எவ்வளவோ மேல், அது இழையை அறுக்காமல் விலக்கிவிட்டு வழி செய்யும், நூல் நுழைந்ததும் விலகிய இழைகள் திரும்பி வந்து அதைப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது துண்டில் துளை இருந்த ஓரத்தை முழுவதுமாக வெட்டி எறிந்தேன். வெட்டிய பக்கத்தை இரண்டாக மடித்து மெஷினில் ஒரு தையல் ஓட்டி, ஸ்கேலை வைத்து ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்தேன். அந்தப் புள்ளிகளில் பெரிய காது ஊசியால், பின்னுகிற அதே நூலில், பிளாங்கெட் தையல். காஜா தையல் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல, அதையே நெருக்கம் இல்லாமல் அகலமாகப் போடுவதுதான். 40 செ.மீ. அகலத் துண்டுக்கு ஒன்றரை மீட்டர் நூல் போதும், நடுவில் ஒட்டுப்போடாமல் ஒரே மூச்சில் போட்டுவிடுங்கள். மடிப்பு தடியாக இருக்கும் இடத்தில் ஊசி ஏறாமல் அடம்பிடித்தால் முதலில் குத்தூசி, பிறகு ஊசி. தையல் முடிந்ததும் விளிம்பின் மேல் ஒரு கம்பி மாதிரி நூல் வரிசையாகப் படிந்திருக்கும். குரோஷா ஊசியை அந்த நூலுக்கு அடியில் விட்டுப் பின்ன வேண்டும், துணிக்குள் குத்தவே வேண்டாம். இழுக்கிற பாரம் ஒரு புள்ளியில் நிற்காமல் விளிம்பு முழுக்கப் பரவிவிடுகிறது. அரை மணி நேரம் கூடுதலாகப் பிடித்தது, அவ்வளவுதான். இந்தத் துண்டு இன்றுவரை ஒரு இடத்தில்கூட விட்டுக்கொடுக்கவில்லை.

நூலைப் பற்றி நல்லதாகத்தான் சொல்ல வேண்டும். சுத்தப் பருத்தி என்று லேபிளில் போட்டிருந்ததை அப்படியே நம்பாமல் ஒரு விரல் நீளம் வெட்டிக் கொளுத்திப் பார்த்தேன். காகிதம் எரிகிற வாசனை வந்தது, விரலில் தேய்த்தால் பொடியாக உதிரும் சாம்பல்தான் மிஞ்சியது. அக்ரிலிக் கலந்திருந்தால் உருகிக் கெட்டியான மணி மாதிரி நுனியில் நின்றிருக்கும். அடுப்படிக்கு இது ரொம்ப முக்கியம். அக்ரிலிக் சூட்டில் உருகித் தோலில் ஒட்டும், தண்ணீரையும் சரியாக உறிஞ்சாது. பருத்தியும் தீப்பிடிக்கும் என்பதால் எந்தத் துண்டையும் அடுப்புக்குப் பக்கத்தில் தொங்கவிடாதீர்கள். முறுக்கு இறுக்கமாக இருக்கிறது, ஊசியில் இழை பிரியவில்லை. நிறமும் போகவில்லை. ஆனால் பின்னுவதற்கு முன் துண்டை ஒருமுறை துவைத்துக் காயவைத்துவிடுங்கள். பருத்தித் துண்டு முதல் துவைப்பில் சுருங்கும், பின்னிய பிறகு சுருங்கினால் தலை ஒரு பக்கமும் துண்டு ஒரு பக்கமும் இழுத்து விளிம்பு நெளிந்துவிடும். இதைச் செய்முறைத் தாளில் எங்கேயும் எழுதவில்லை.

அந்தத் தாளைப் பற்றித்தான் எனக்குக் கோபம். குரோஷாவின் அடிப்படையான குட்டைப் பின்னலை அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷே என்பார்கள், பிரிட்டிஷ் வழக்கத்தில் அதற்கே டபுள் குரோஷே என்று பெயர்; அமெரிக்க டபுள் குரோஷே இதைவிட உயரமானது. எந்த வழக்கத்தில் எழுதியிருக்கிறோம் என்று மேலே ஒரு வரி போட்டால் முடிந்தது. இவர்கள் முதல் பாதியை ஒரு வழக்கத்திலும் பட்டையை இன்னொரு வழக்கத்திலும் எழுதிவிட்டார்கள். படத்தில் இருப்பதைவிட என் பட்டை ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளமாக வந்த பிறகுதான் எனக்கே புரிந்தது, பிரித்துத் திரும்பப் பின்னினேன். புதிதாகக் கற்கிறவர் என்றால் தப்பு தன்னுடையது என்று நினைத்து ஊசியைக் கீழே வைத்துவிடுவார். அதை நினைத்தால்தான் மனசு கேட்கவில்லை.

தாளை ஓரம் வைத்துவிட்டு நான் பின்னிய கணக்கைத் தருகிறேன், எல்லாமே அமெரிக்க வழக்கத்து சிங்கிள் குரோஷே. பிளாங்கெட் தையலின் மேல் 40 கண் (ஒரு பின்னல் ஒரு கண்). அடுத்த வரிசையில் இரண்டிரண்டாகச் சேர்த்து 20. ஒரு வரிசை குறைக்காமல் பின்னி, திரும்பவும் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 10. அதற்கு அடுத்த வரிசையில் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று குறைத்து 8. இந்த 8 கண்ணிலேயே நேராக 20 வரிசை. அப்புறம் காஜா: மூன்று கண் பின்னி, இரண்டு செயின் (சங்கிலிப் பின்னல்) போட்டு, கீழே இரண்டு கண்ணை விட்டு, மிச்சம் மூன்றையும் பின்னுங்கள். அடுத்த வரிசையில் அந்தச் செயின் இடைவெளிக்குள் இரண்டு கண். இன்னும் ஒரு வரிசை போட்டு முடித்துக்கொள்ளலாம். நுனி நூலை ஒட்ட வெட்டாமல் ஐந்து சென்டிமீட்டராவது உள்ளே கோத்துவிடுங்கள், பருத்தி நூல் வழுக்கிக்கொண்டு வெளியே வரும்.

ஊசி நன்றாக வழுக்குகிறது, குறை இல்லை. மரப் பட்டன் தண்ணீர் பட்டுப் பட்டு மினுமினுப்பு போய் ஓரம் வெடித்துவிட்டது, எடுத்துவிட்டு 22 மி.மீ. பிளாஸ்டிக் பட்டன் தைத்தேன். துண்டு நல்ல துண்டு, தண்ணீரைச் சட்டென்று உறிஞ்சுகிறது.

ஐந்துக்கு இரண்டரை கொடுக்கிறேன், அதில் இரண்டு நூலுக்கு. நூல் தனியாகக் கிடைத்தால் அதை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கிற துண்டிலேயே ஆரம்பியுங்கள். கிட்டைப் பரிசாக வாங்கி வைத்திருப்பவர்கள் அதை வீணாக்க வேண்டாம், துளை ஓரத்தை வெட்டிவிட்டுத் தையல் போட்டால் போதும். கிழிந்துபோன என் முதல் துண்டின் தலையைப் பிரிக்காமல் அப்படியே கத்தரித்து எடுத்து வைத்திருக்கிறேன். விளிம்பை மடித்துத் தைத்துவிட்டேன், புள்ளியும் வைத்தாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பிளாங்கெட் தையலைப் போட்டு அந்தத் தலையைத் திரும்ப மாட்டிவிடுவேன்.