தண்டர்பேர்டு வச்சிருக்குற நம்ம ராம்நாடு பக்கத்து ஆளுங்க கவனத்துக்கு: இஞ்சின்லயே இல்லாத டைமிங் செயினை மாத்துனதா பில் போட்டாங்க

ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், ராமேஸ்வரம் ரோட்டுல புல்லட், தண்டர்பேர்டு மாதிரி பெரிய வண்டி ஓட்டுறவங்க, முக்கியமா பழைய வண்டி வாங்கி புதுசா ஓட்ட ஆரம்பிச்சவங்க இத முழுசா படிங்க. கடை பேரை இங்க போடல, புகார் கொடுக்கப்போற விஷயம், அது அங்கயே நடக்கட்டும். ஆனா என்ன சொல்லி பயமுறுத்துவாங்க, எத எத பில்லுல ஏத்துவாங்கன்னு தெரிஞ்சா நீங்க எந்தக் கடைக்குப் போனாலும் உஷாரா இருக்கலாம்.

வண்டி தண்டர்பேர்டு 350. கீழக்கரைல ஒரு பாய் துபாய் திரும்பிப் போறப்ப கொடுத்துட்டுப் போனாரு, நல்லா வச்சிருந்த வண்டி. அதுக்கு முன்னாடி வருஷக்கணக்கா ஸ்ப்ளெண்டர் தான் ஓட்டிக்கிட்டு இருந்தேன், அதுல கியர் போடுறது தெரியவே தெரியாது. இதுல நியூட்ரல்ல இருந்து ஃபர்ஸ்ட் போட்டா டங்குன்னு ஒரு சத்தம், பக்கத்துல நிக்குறவன் திரும்பிப் பாப்பான். காலைல ஸ்டார்ட் பண்ணா மேல டிக் டிக்னு கொஞ்ச நேரம் அடிக்கும். சிக்னல்ல நின்னா நியூட்ரல் விழாது, ஃபர்ஸ்ட்ல இருந்து நேரா செகண்டுக்குத் தாவும். கிளட்ச்சும் நாளாக நாளாக இறுகிக்கிட்டே வந்துச்சு, ராம்நாடு பஸ் ஸ்டாண்டு நெரிசல்ல போய்ட்டு வந்தா இடது கை மணிக்கட்டு வலிக்கும். சரி, ஒரு தடவ காட்டிருவோம்னு டவுன்ல ஒரு மெக்கானிக் கடைக்குக் கொண்டுபோனேன். போர்டுல புல்லட் ஸ்பெஷலிஸ்ட்னு பெருசா எழுதிப் போட்டிருந்தாங்க.

அவரு வண்டிய ஓட்டிக்கூட பாக்கல. ஸ்டாண்டு போட்டு ஸ்டார்ட் பண்ணி, ஒரு ஸ்க்ரூ டிரைவர இஞ்சின்ல வச்சு காதுல ஒட்டிக் கேட்டாரு. கேட்டுட்டு முகத்த சுளிச்சாரு பாருங்க, அதுலயே எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. "தம்பி, டைமிங் செயின் போயிருச்சு. டாப்பெட்டும் அடிக்குது. கிளட்ச் பிளேட் எரிஞ்சிருச்சு, அதான் கியர் விழ மாட்டேங்குது. இப்படியே ஓட்டுனீங்கன்னா பாம்பன் பாலத்துல நடுவுல இஞ்சின் சீஸ் ஆகி இறுகி நின்னுரும், பிள்ளகுட்டிய வச்சுக்கிட்டு நிப்பீங்க." (டைமிங் செயின்னா இஞ்சினுக்குள்ள வால்வு தொறந்து மூடுற நேரத்த ஒழுங்கு பண்ற செயின், டாப்பெட்னா அந்த வால்வைத் தள்ளி விடுற சாமான்.) பிள்ளைங்கள சொன்ன உடனே யாரா இருந்தாலும் சரிண்ணே பண்ணிருங்கன்னு தான் சொல்லுவாங்க. அந்த இடத்தத் தான் அவங்க பிடிக்கிறாங்க.

வண்டிய எடுக்கப் போனப்ப பில் கேட்டேன், எஸ்டிமேட் பேப்பர்ல எழுதித் தர்றேன்னாரு, இல்லண்ணே கடை சீல் போட்டு கொடுங்கன்னு நின்னு வாங்குனேன், அது தான் இப்ப கைல இருக்குற ஒரே பிடி. டைமிங் செயின் கிட் 2,600, டாப்பெட் செட்டிங் 500, கிளட்ச் பிளேட் 1,900, ஆயில் 850, லேபர் 1,800. மொத்தம் 7,650 ரூபாய். பழைய சாமான் எங்கண்ணேன்னு கேட்டதுக்கு காயிலான் கடைக்குப் போயிருச்சுன்னு பதில்.

ஓட்டிப் பாத்தா கியர் அதே இறுக்கம் தான். "புது பிளேட் தம்பி, செட் ஆகணும், ஓட்ட ஓட்ட சரியாயிரும்"னாரு. சத்தம் முன்ன இருந்தத விட அதிகமா கேட்டுச்சு. முன்னாடி காலைல மட்டும் அடிச்ச டிக் டிக் இப்ப இஞ்சின் சூடான பிறகும் அடிச்சுச்சு.

அதுக்கப்புறம் பாம்பன் பாலத்துல நடந்தது தான் என்னால மறக்க முடியாதது. கச்சான் காத்து வெளுத்து வாங்குற நேரம், பின்னால வீட்டுக்காரி, நடுவுல சின்னவ. பாலம் நடு வரைக்கும் ஏத்தம்ல, நாலாவது கியர்ல ஏறிக்கிட்டு இருக்கேன், ஆக்ஸிலேட்டர் முறுக்குறேன், இஞ்சின் கத்துது, வண்டி வேகம் எடுக்கல. பின்னால டூரிஸ்ட் பஸ் ஹாரன் அடிச்சுக்கிட்டே வர்றான், ரெண்டு ஓரத்துலயும் தூக்குப் பாலத்தப் பாக்குறதுக்கு காரை நிறுத்தி வச்சிருக்காங்க, ஒதுங்க இடமில்ல. கியர குறைச்சு மெதுவா உருட்டி அந்தப் பக்கம் இறங்குற வரைக்கும் உயிரு கைல இல்ல. கிளட்ச் ஸ்லிப், அதாவது பிளேட் பிடிக்காம நழுவுறது. அந்தக் கடைக்குப் போறதுக்கு முன்னாடி இந்த வண்டில இது ஒரு தடவ கூட வந்ததில்ல.

பரமக்குடில எங்க மாமா ஊர்ல ஒரு வயசான மெக்கானிக் இருக்காரு, ரொம்ப வருஷமா புல்லட் மட்டும் தான் பாக்குறாரு. அவர்கிட்ட வண்டிய நிறுத்தி பில்ல நீட்டுனேன். படிச்சாரு, பேசல. வண்டி பக்கத்துல உக்காந்து என்னையும் உக்காரச் சொல்லி, வலது பக்க கவர் போல்ட்ட விரலால தொட்டுக் காமிச்சாரு. "இங்க பாருங்க தம்பி. உப்புக்காத்துல போல்ட் தலைல வெள்ளையா பூத்து, துரு கவரோட சேந்து ஒட்டியிருக்கு. இதுல ஸ்பேனர் பட்டிருந்தா இந்தத் துரு உடைஞ்சிருக்கும்ல? ஒரு கீறலாவது இருக்குமா இல்லையா?" ஒண்ணு ஒண்ணா எல்லாத்தையும் பாத்தோம். மேல ராக்கர் கவர் (இஞ்சின் உச்சில இருக்குற மூடி) போல்ட், இடது பக்க கிளட்ச் கவர் போல்ட், எல்லாத்துலயும் துரு ஒரே சீரா இருந்துச்சு. ஆயில் வடிக்கிற ட்ரெயின் போல்ட்ல மட்டும் புதுசா ஸ்பேனர் பட்ட பளபளப்பு. அப்படின்னா ஆயில் மட்டும் தான் மாத்தியிருக்கான். 7,650 ரூபாய்க்கு.

அதுக்கப்புறம் அவரு சொன்னது தான் எனக்கு தலையே சுத்திருச்சு. இந்த தண்டர்பேர்டுல இருக்குறது 346 சிசி யூசிஇ (இஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுல இருக்குற) இஞ்சின், 2020ல தண்டர்பேர்டு நிக்குற வரைக்கும் இதே தான். இதுல டைமிங் செயின்னு ஒண்ணு கிடையவே கிடையாது. வால்வைத் தூக்க வைக்கிற கேம் ரெண்டும் கீழ கிராங்க் கேஸ் (இஞ்சின் அடிக்கூடு) பக்கத்துலயே இருக்கு, கியர் வச்சு சுத்துது, அங்கருந்து புஷ் ராடு மேல போய் வால்வைத் தூக்குது. டாப்பெட் செட்டிங்கும் கிடையாது, ஏன்னா இதுல ஹைட்ராலிக் டாப்பெட், ஆயில் பிரஷர்ல கேப்ப அதுவே சரி பண்ணிக்கும். பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்ல தான் பக்கத்து மூடியத் தொறந்து ஸ்பேனர் வச்சு டாப்பெட் செட் பண்ணுவாங்க. 2020 கடைசில வந்த மீட்டியார் 350ல இருக்குறது வேற இஞ்சின், அதுல டைமிங் செயின் உண்டு. ஆக இல்லாத செயினுக்கு 2,600, செட் பண்ணவே முடியாத டாப்பெட்டுக்கு 500.

ஸ்லிப் ஏன் வந்துச்சுன்னா, ஊத்துனது கார் ஆயில். அப்புறம் நான் அந்தக் கடைக்குப் போனப்ப மூலைல கேன கண்ணால பாத்தேன், கார் படம் போட்டிருந்துச்சு, 5W-30. இந்த வண்டில கிளட்ச் பிளேட் எல்லாம் இஞ்சின் ஆயில்லயே முங்கிக் கிடக்கும். கார் ஆயில் பல வகைல வழுக்குறதுக்குன்னே மருந்து சேத்திருப்பாங்க, காருக்கு கிளட்ச் வெளிய இருக்கு, அதுக்குப் பரவால்ல, இங்க பிளேட் பிடிக்காம நழுவும். அதுவும் போக காத்துல ஆறுற இஞ்சினுக்கு, நம்ம ஊர் வெயிலுக்கு, 5W-30 ரொம்ப தண்ணி. அதான் சூடான பிறகும் டாப்பெட் அடிச்சிருக்கு. இந்த இஞ்சினுக்கு 15W-50, கேன்ல ஜாஸோ எம்ஏ இல்ல எம்ஏ2ன்னு (ஆயில்ல முங்குற பைக் கிளட்ச்சுக்கு ஒத்து வரும்னு காட்டுற குறி) போட்டிருக்கணும். பரமக்குடி அண்ணன் ஆயில வடிச்சு, சரியான ஆயில் ஊத்தி ஓட்டச் சொல்லி, கொஞ்ச நாள்ல மறுபடியும் ஒரு தடவ வடிச்சு மாத்துனாரு. ஸ்லிப் நின்னுருச்சு, பிளேட் தப்பிச்சது.

இப்ப கியர் இறுக்கம். அதுக்கு உண்மையான காரணம் கிளட்ச் கேபிள். கீழ இஞ்சின் பக்கம் முனைல உள் ஒயர் துருப் பிடிச்சு உறைக்குள்ள அரைச்சுக்கிட்டு இருந்துச்சு, கழட்டி கைல கொடுத்தாரு, இழுத்தா கரகரங்குது. லிவர முழுசா பிடிச்சாலும் பிளேட் முழுசா பிரியல, அப்புறம் எப்படி நியூட்ரல் விழும்? புது கேபிள் போட்டு, லிவர்ல ரெண்டு மூணு மில்லிமீட்டர் ஆட்டம் வச்சு, கியர் லிவர் மாட்டியிருக்குற பின்னக் கழட்டி மண்ண தொடச்சு கிரீஸ் வச்சாரு. ஆயில் காசு தனி, இந்த வேலைக்கு எல்லாம் சேத்தே ஐநூறு தாண்டல. கடற்கரை ஓரமா இருக்குறவங்களுக்கு இது தான் முதல்ல பாக்க வேண்டிய இடம். தனுஷ்கோடி போய் அரிச்சல்முனை வரைக்கும் ஓட்டிட்டு வந்தா மணலும் உப்பும் கியர் லிவர் சந்துலயும் செயின்லயும் போய் உக்காந்துரும், வந்த அன்னைக்கே நல்ல தண்ணில கழுவி, காய்ஞ்ச பிறகு செயினுக்கு லூப் ஸ்ப்ரே அடிங்க. போர் தண்ணி உப்பா இருக்குற வீட்டுல அத வச்சே வண்டி கழுவாதீங்க, கழுவாம விட்டதுக்கும் அதுக்கும் வித்தியாசம் கிடையாது.

அப்புறம், எது சாதாரண சத்தம்னு தெரிஞ்சுக்கிட்டா யாரும் உங்கள பயமுறுத்த முடியாது. ஃபர்ஸ்ட் கியர் டங் சத்தம் இந்த மாதிரி வண்டிக்கு இயல்பு. நியூட்ரல்ல நிக்கும்போது கியர் பாக்ஸ்ல இஞ்சின் பக்க ஷாஃப்ட் சுத்திக்கிட்டே இருக்கும், சக்கரத்துப் பக்க ஷாஃப்ட் நிக்கும், சுத்துறதையும் நிக்குறதையும் ஒண்ணா மாட்டுறப்ப வர்ற சத்தம் அது, சாமானும் பெருசு, சத்தமும் பெருசு. கிளட்ச்ச பிடிச்சு ஒண்ணு ரெண்டு எண்ணிட்டு கியர் போடுங்க, பாதி குறையும். காலைல முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னாடி கிளட்ச்ச ரெண்டு மூணு தடவ பிடிச்சு விடுங்க, ராத்திரி ஆயில்ல ஒட்டிக்கிட்ட பிளேட் பிரியும். நியூட்ரல், வண்டி நிக்குறதுக்கு முன்னாடி உருண்டுக்கிட்டு இருக்கும்போதே போட்டா லேசா விழும், நின்ன பிறகு மல்லுக்கட்டக் கூடாது. கியர பயந்து பயந்து தொடக் கூடாது, ஒரே அழுத்தா முழுசா போடணும், அரைகுறையா போட்டா தான் நடுவுல பொய் நியூட்ரல் வரும். காலைல டிக் டிக் அடிக்கிறது, ராத்திரி முழுக்க நின்னதுல டாப்பெட்டுக்குள்ள ஆயில் இறங்கியிருக்கும், திரும்ப ஏறுனதும் அடங்கிரும். வண்டிய நிறுத்துன பிறகு சைலன்சர் பக்கம் டிங் டிங்னு வர்றது இரும்பு ஆறுற சத்தம்.

சத்தம் எல்லாத்தையும் விட்டுருங்கன்னு சொல்லல. சூடான பிறகும் டிக் டிக் நிக்கலன்னா முதல்ல ஆயில் அளவு பாருங்க, வண்டிய நேரா நிறுத்தி, ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் கழிச்சு இஞ்சினோட வலது பக்கத்துல இருக்குற சின்னக் கண்ணாடி ஜன்னல்ல தெரியும். ஏத்தத்துல முறுக்கும்போது கீழருந்து டொக் டொக்னு கனமா அடிச்சா, ஓடிக்கிட்டு இருக்கும்போது கியர் தானா வெளிய வந்தா, கியர் மாத்துறப்ப பல்லு அரைக்கிற சத்தம் கேட்டா, அன்னைக்கே நிறுத்திருங்க.

திரும்ப அந்தக் கடைக்குப் போய் பில்ல வச்சுக் கேட்டேன். முதல்ல, "அது ப்ரைமரி செயின் தம்பி, பையன் டைமிங்னு தப்பா எழுதிட்டான்"னாரு. ப்ரைமரி செயின்னா இஞ்சின்ல இருந்து கிளட்ச்ச சுத்த வைக்கிற செயின், அது இடது பக்க கவருக்குள்ள இருக்கு, அந்தக் கவர் போல்ட்ட போட்டோ எடுத்து வச்சிருந்தேன், காமிச்சேன். அப்புறம் குரல் மாறிருச்சு, "உங்களுக்கு என்ன தெரியும் இஞ்சினப் பத்தி"ன்னு. 1915க்கு, தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனுக்குப் போன் போடப் போறேன்னு சொன்னதும் 3,100 ரூபாய எடுத்து வச்சாரு, செயினுக்கும் டாப்பெட்டுக்கும். போடாத பிளேட்டுக்கும் செய்யாத வேலைக்கும் வாங்குன காசு இன்னும் வரல, அதுக்குத் தான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு எழுதிக்கிட்டு இருக்கேன். 5 லட்சம் வரைக்கும் உள்ள கேஸுக்கு ஃபீஸ் கிடையாது, 2 வருஷத்துக்குள்ள போடணும். கேட்டும் பில் தர மறுக்குறதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல முறையற்ற வணிகம் தான், அதனால கேக்க கூச்சப்படாதீங்க.

வண்டிய விடுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்க கவர் போல்ட், ராக்கர் கவர் போல்ட், ட்ரெயின் போல்ட் எல்லாத்தையும் கிட்டத்துல போட்டோ எடுத்துக்கோங்க, கிலோமீட்டர் ரீடிங்கும் சேத்து. பழைய சாமான் எனக்கு வேணும்னு விடும்போதே சொல்லிருங்க. ஆயில் கேன சீல் உடைக்குறப்ப பக்கத்துல நில்லுங்க. இதே மாதிரி டைமிங் செயின்னு பில் வாங்குன தண்டர்பேர்டு, கிளாசிக் யூசிஇ வண்டிக்காரங்க நம்ம பக்கம் இருந்தா அந்தப் பில்ல தூக்கிப் போட்டுறாம வச்சிருங்க, மனுவோட சேக்கலாம்.