டிஓசி 200 பொறி: தரமான சாமான், ஆனால் வாங்கும் பட்டியலில் எத்தனையாவது இடம்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். டிஓசி 200 நல்ல பொறி. சரியான பெட்டிக்குள் வைத்தால் ஸ்டோட் என்ற சிறு வேட்டை விலங்கையும் எலியையும் இழுபறி இல்லாமல் கொல்கிறது, வருடக்கணக்கில் உழைக்கிறது. ஆனால் இங்கிலாந்தின் தாழ்நிலப் பண்ணைகளில் ஃபெசன்ட் என்ற கோழியினப் பறவைக்கும் கௌதாரிக்கும் ஷூட் (துப்பாக்கி வேட்டை) நடத்துகிறவர்கள் வருடப் பணத்தை முதலில் இதில் கொட்டுவதுதான் சிக்கல். நரிக்கும் காகத்துக்கும் வழி பண்ணாத நிலத்தில் இருபது பெட்டி வைத்தாலும் ஆகஸ்டில் குஞ்சுக் கூட்டம் கூடியிருக்காது.

இந்தப் பொறி நியூசிலாந்து அரசின் இயற்கைப் பாதுகாப்புத் துறை (ஆங்கிலச் சுருக்கம் டிஓசி) வடிவமைத்தது. நீர்நாயின் உறவுக்கார விலங்கான ஸ்டோட்டை அங்கே பறக்காத பறவைகளைக் காப்பாற்றுவதற்காகப் பிடிக்கிறார்கள். பிரிட்டனில் இதற்குக் கிராக்கி வந்தது சட்டத்தால். வேட்டைப் பறவைகளைப் பராமரிக்கும் கேம்கீப்பர்கள் தலைமுறையாகப் பயன்படுத்திய ஃபென் 4, ஃபென் 6 பொறிகளை 2020 ஏப்ரல் 1 முதல் ஸ்டோட்டுக்கு வைக்கக்கூடாது. மனிதநேயப் பொறிகளுக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் அளவுகோலில் அவை தேறவில்லை. எலிக்கும் சாம்பல் அணிலுக்கும் ஃபென் இன்னும் செல்லும். ஆனால் ஸ்டோட் நடமாடும் வேலியோரத்தில் 'எலிக்குத்தான் வைத்தேன்' என்று சொல்லித் தப்ப முடியாது. வரும் என்று தெரிந்தே வைப்பதுதானே அது. ஒரு டிஓசி வாங்கும் காசுக்குப் பல ஃபென் வாங்கலாம் என்பதால் முணுமுணுப்பு இன்னும் ஓயவில்லை.

கையில் எடுத்தால் கனம் தெரியும். துருப்பிடிக்காத எஃகு, இரண்டு சுருள் ஸ்பிரிங், வளைந்து வந்து அடிக்கும் சட்டம், நடுவில் மிதிதகடு. 150, 250 என்று சின்னதும் பெரியதும் உண்டு. எலி, ஸ்டோட், அதன் சின்ன உறவான வீசல், அணில் என்றால் 150 அல்லது 200 போதும். ஸ்டோட்டின் பெரிய உறவான மிங்க் வரும் ஓடையோரத்துக்கு 250. ஸ்பிரிங் பலம் ஃபென்னோடு ஒப்பிட முடியாதது, விரல் சிக்கினால் உடையும். பெட்டி மூடியைத் திறந்து மேலிருந்துதான் பொறியை ஏற்ற வேண்டும், வாசல் வழியே கையை விடவே கூடாது. மூடியை ஸ்க்ரூ போட்டு முடுக்குவது குழந்தைகளுக்காகவும் நாய்களுக்காகவும்.

இனி பெட்டி. இந்தப் பொறியின் பாதி வேலை பெட்டியில்தான் இருக்கிறது, குறைசொல்லும் வாடிக்கையாளர்களில் பாதிப்பேரின் சிக்கலும் அங்கேதான். டிஓசியைத் திறந்தவெளியில் வைக்க அனுமதி கிடையாது. தடுப்புகள் உள்ள செயற்கைச் சுரங்கப் பெட்டி கட்டாயம். வாசலில் ஒரு கம்பிவலைத் தடுப்பு, பொறிக்குச் சற்று முன்னால் இன்னொன்று. இரண்டிலும் 60 மில்லிமீட்டர் சதுர ஓட்டை, ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் விலகி இருக்க வேண்டும். உள்ளே வரும் ஸ்டோட் வளைந்து திரும்பி மிதிதகட்டின் நடுவில் காலை வைக்கிறது, சட்டம் தலையிலும் மார்பிலும் விழுகிறது. ஓட்டைகளை நேர்க்கோட்டில் வெட்டினாலோ, உள்தடுப்பைப் பொறியிலிருந்து தள்ளி வைத்தாலோ, விலங்கு ஓரமாக மிதிக்கும். அடி இடுப்பில் விழும். அது பொறியின் குற்றமல்ல, தச்சனின் குற்றம். ஓட்டையின் அளவு இன்னொரு வேலையும் செய்கிறது: வளர்ந்த முள்ளெலி உள்ளே நுழைய முடியாது. 'கொஞ்சம் தாராளமாக' 80 மில்லிமீட்டர் வெட்டிய பெட்டிகள் விற்பனைக்கு வந்தால் வாங்காதீர்கள்.

மலிவு ஒட்டுப்பலகைப் பெட்டி முதல் குளிர்காலத்திலேயே ஈரம் குடித்து உப்பும். பக்கப்பலகை உள்ளே வளைந்து சட்டத்தில் உரசினால் அடியின் வேகம் போய்விடும். பதப்படுத்திய கெட்டிப் பலகை பாரம்தான், ஆனாலும் அதுதான் சரி. பெட்டியின் அடி மண்ணில் பதியாமல் சற்று உயர்த்தி, ஆடாமல் உட்கார வையுங்கள். ஆடும் பெட்டிக்குள் ஸ்டோட் நுழையாது.

மிதிதகடு சுமார் 100 கிராமில் விழும்படி சரிசெய்ய வேண்டும். அதற்குக் கீழே விட்டால் சுண்டெலியும் மூஞ்சூறும் பொறியைத் தட்டிவிட்டுக் காலி பண்ணும். அதிகமாகக் கூட்டினால் எடை குறைந்த ஸ்டோட் மிதித்துவிட்டு நடந்து போகும். சில அடிகளுக்குப் பிறகு இந்த அளவு நகரும், தகட்டின் கீழே சருகும் மண்ணும் சேர்ந்தாலும் மாறும். பெட்டியைப் பார்க்கப் போகும்போது பையில் 100 கிராம் எடைக்கல் ஒன்று இருக்கட்டும். தினமும் ஒருமுறை பார்ப்பது நல்ல வழக்கம்.

ஃபென் காலத்துப் பழக்கத்தை அப்படியே கொண்டுவருகிறவர்கள் இன்னொரு ஏமாற்றத்தைச் சந்திக்கிறார்கள். பழைய சுரங்கம் இருபுறமும் திறந்திருக்கும். மறுமுனையில் வெளிச்சம் தெரிவதால் ஸ்டோட் இரையில்லாமலே ஓடி நுழையும். ஒருமுனை வாசல் கொண்ட டிஓசி பெட்டியில் பின்பக்கம் பலகைக்குப் பதிலாகக் கம்பிவலை அடித்து, அதற்கு முன்னால் முயல் இறைச்சியோ முட்டையோ வைக்க வேண்டும். வேலிகள் சந்திக்கும் மூலை, கேட் ஓரம், வாய்க்கால் குழாயின் வாய், வைக்கோல் போரின் அடி ஆகியவை நல்ல இடங்கள். புல்வெளி நடுவில் வைத்த பெட்டி வெறும் பெட்டிதான்.

சரி, எத்தனையாவது இடம்? கணக்கு எளிது. காகமோ அதன் இனமான மேக்பையோ முட்டையைக் கொண்டுபோனால் பெட்டை மறுபடி இடும், இரண்டாம் முறை முட்டை குறைந்தாலும் குஞ்சு உண்டு. அடைகாக்கும் பெட்டையை நரி கவ்வினால் அந்த வருடம் முடிந்தது. ஃபெசன்ட் சுமார் 24 நாள் தரையில் அசையாமல் உட்காருகிறது, கௌதாரியும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே காட்டுப்பறவைகளை நம்பி நடக்கும் ஷூட்டுக்கு முதல் செலவு நரிக்கு. உடல் வெப்பத்தை வைத்து இருட்டில் விலங்கைக் காட்டும் வெப்பக் கருவியால் தேடி, .223 அல்லது .243 துப்பாக்கியால் இரவில் சுடுவது, பெரும்பகுதியை மார்ச்சுக்குள் முடிப்பது. அதற்குப் பிறகு குகையில் குட்டி இருக்கும். தாயை மட்டும் சுட்டுவிட்டு வருவது அசிங்கமான வேலை. சுருக்குக்கண்ணியை நம்பித் திட்டம் போடாதீர்கள், வேல்ஸில் 2023லும் ஸ்காட்லாந்தில் 2024லும் தடை வந்துவிட்டது.

இரண்டாவது லார்சன் கூண்டு. டென்மார்க்கிலிருந்து வந்த இந்த மரக்கூண்டு டிஓசியைவிட அதிகப் பலன் தரும், அதுவும் குறுகிய காலத்தில். மார்ச் நடுவிலிருந்து ஜூன் வரை ஜோடிக் காகங்கள் எல்லைக்காகச் சண்டை போடும். மற்றவற்றை இழுக்க உள்ளே உயிரோடு வைத்திருக்கும் அழைப்புப் பறவையை விரட்ட வந்து, பிளவுக் கம்பில் உட்கார்ந்து விழும். இரண்டு மூன்று நாளில் எதுவும் விழவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். இப்படிப் பறவை பிடிக்க அனுமதிக்கும் அரசின் பொது உரிமத்தின் நிபந்தனைகள் கறார்: அழைப்புப் பறவைக்குத் தீனி, தண்ணீர், நிழல், உட்காரக் கம்பு, தினசரிப் பார்வை. பயன்படுத்தாத கூண்டு எதையும் பிடிக்க முடியாதபடி செயலிழந்திருக்க வேண்டும். உரிம வாசகம் மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு பருவமும் புதிதாகப் படியுங்கள்.

மூன்றாவதாகத்தான் டிஓசி, அதுவும் பிப்ரவரி முதல் ஜூன் வரை முழு வேகத்தில். இலையுதிர்காலத்தில் பிடித்த ஸ்டோட்டின் இடத்துக்கு வசந்தத்துக்குள் வேறொன்று வந்துவிடும். 1985 முதல் 1990 வரை சாலிஸ்பரி சமவெளியில் நடந்த ஆய்வு இந்த முழுத் திட்டத்துக்கும் அடித்தளம்: நரி, காகம், மேக்பை, ஸ்டோட், எலி எல்லாவற்றையும் சேர்த்து இனப்பெருக்கக் காலத்தில் கட்டுப்படுத்தியதில், மூன்று வருடத்தில் சாம்பல் கௌதாரியின் வசந்தகால எண்ணிக்கை, கட்டுப்படுத்தாத நிலத்தைவிட 2.6 மடங்கு ஆனது. பொறி மட்டும் தந்த பலன் அல்ல அது.

வளர்த்து விடும் ஃபெசன்ட்டை நம்பும் ஷூட்டுக்கு வரிசை வேறு. ஆறு முதல் எட்டு வாரக் குஞ்சுகள் ஜூலை, ஆகஸ்டில் அடைப்புக்கு வருகின்றன. அங்கே முதல் சாமான் மின்வேலி: அடைப்புக்கு வெளியே, நரியின் மூக்கு உயரத்தில் இரண்டு கம்பி, அடியில் புல் உரசாமல் வெட்டிய மண். புல் உரசினால் மின்சாரம் நிலத்தில் இறங்கிவிடும். பஸார்ட் என்ற பருந்தினப் பறவை எவ்வளவு தொல்லை கொடுத்தாலும் அதைத் தொடக்கூடாது, வளை தோண்டி வாழும் பேட்ஜரும் அப்படியே.

இங்கே டிஓசி மேலே ஏறும் ஒரு இடம் உண்டு: தீனி டிரம். சிந்திய கோதுமையைச் சுற்றி அக்டோபரிலிருந்து எலி குடியேறும். ஷூட் பிப்ரவரி 1இல் முடிந்ததும் தீனியை நிறுத்தினால் அந்த எலிகள் வேலிக்குள் இறங்கி, ஏப்ரலில் முட்டை இருக்கும் இடத்திலேயே இருக்கும். முட்டையிடப் போகும் பெட்டைக்கோ அப்போதுதான் தீனி தேவை. அதனால் தீனியைத் தொடருங்கள், டிரம்மை இடம் மாற்றிக்கொண்டே இருங்கள், பக்கத்தில் கோதுமை இரை வைத்த டிஓசி வையுங்கள். முன்பு செய்ததுபோல் காட்டுக்குள் புரோமடியோலோன், டைஃபெனகூம் விஷம் போட்டுச் சமாளிக்க வழியில்லை. கட்டடங்களை விட்டு விலகிய திறந்தவெளியில் அவற்றின் பயன்பாடு 2024 இறுதியோடு முடிந்தது. ஆந்தைக்கும் எலி தின்னும் கெஸ்ட்ரல் வல்லூறுக்கும் அது நல்லது, எலிக்கும் ஓரளவு நல்லதாகிவிட்டது.

மாற்று என்று கேட்டால் குட்நேச்சர் ஏ24. ஒரு வாயுக் குப்பியில் 24 அடி வரை, தானே மீண்டும் தயாராகும். ஆளில்லாத தொலைவுக்கு நல்லது. ஆனால் செத்த விலங்கை நரியோ பேட்ஜரோ கொண்டுபோய்விடுவதால், எது எத்தனை விழுந்தது என்ற கணக்கு தவறும். எந்த மூலையில் என்ன நடமாடுகிறது என்று தெரியாமல் அடுத்த மாதப் பெட்டிகளை எங்கே நகர்த்துவது?

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு: துப்பாக்கியும் வெப்பக் கருவியும் கையில் இருந்து, இரண்டு லார்சன் கூண்டாவது இருந்தால், முதலில் ஆறு டிஓசி 200 வாங்குங்கள், பெட்டிகளை நீங்களே அடியுங்கள். ஒருவர் காலைச் சுற்றில் தினமும் ஒழுங்காகப் பார்க்கக்கூடிய அளவுக்கு மேல் வாங்க வேண்டாம்.