செஞ்சியா, சந்திரகிரியா: ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தக் கோட்டை?

சென்னையிலிருந்து ஒரே நாளில் ஒரு மலைக்கோட்டையைப் பார்த்துத் திரும்ப நினைப்பவர்களுக்கு இந்த இரண்டும் ஏறக்குறைய ஒரே தொலைவு: 150, 160 கிலோமீட்டர். சந்திரகிரிக்குத் திருப்பதி வரை ரயிலில் போகலாம். செஞ்சிக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறித் திண்டிவனம் வழியாகப் போகலாம். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

சந்திரகிரிக்கு அம்மாவை அழைத்துப் போனேன். மரமே சேர்க்காமல் கல்லும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய மூன்று அடுக்கு ராஜ மஹால், அதற்குள் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம், சுற்றிலும் புல்வெளி. அம்மா மூச்சு வாங்காமல் சுற்றி வந்தார். விஜயநகர அரசர்கள் சந்திரகிரியிலும் வேலூரிலும் இருந்து ஆண்ட காலத்தில்தான், 1639இல், அவர்களுக்குக் கீழிருந்த நாயக்கர் கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னையில் இடம் கொடுத்தார். அந்த உறவுக்காகவே சென்னைக்காரர்கள் ஒருமுறை போகலாம். மலை உச்சியிலுள்ள இடிபாடுகளைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி. மேல்கோட்டையைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

என் மனம் செஞ்சியிடம்தான். காரணம் ஒன்றே: அங்குள்ள மலைகளில் உயரமான ராஜகிரியின் உச்சிவரை நம் காலாலேயே ஏறிப் போகலாம். சுமார் 800 அடி உயரம். தை மாதக் காலையில் அண்ணன் மகனோடு ஏறினேன். கல்யாண மஹாலைத் தாண்டியதும் முட்புதர்க்காடு, குரங்குகள், கமலக்கண்ணி அம்மன் கோயில், பிறகு படிகள், மேலும் படிகள். உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. பிளவின் அகலம் ஏறக்குறைய 24 அடி, ஆழம் 60 அடி. அதன் மேல் ஒரு சிறு பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் மேலே போக வேறு வழியில்லை.

செஞ்சியில் இருந்த மராத்திய அரசர் ராஜாராமை, சிவாஜியின் மகனை, பிடிக்க வந்த முகலாயப் படை 1690இல் தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிந்தது. பள்ளியில் படித்தபோது எட்டு ஆண்டுகள் என்பது வெறும் எண்ணாக இருந்தது. வியர்த்து, கால் நடுங்கி அந்தப் பாலத்தில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. "சித்தப்பா, இங்கே பத்துப் பேர் நின்றால் போதுமே!" என்றான் பையன். இந்த அறிவை எந்த அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியும் தராது. உச்சியில் ரங்கநாதர் கோயிலும் களஞ்சியமும் இருக்கின்றன. ஆனாலும் திரும்பும்போது நாங்கள் பேசியதெல்லாம் பாலத்தைப் பற்றித்தான்.

2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சி மட்டுமே.

மூட்டு வலி உள்ளவர்களும் கைக்குழந்தையோடு போகிறவர்களும் சந்திரகிரிக்கே போகட்டும். செஞ்சிக்குப் போகிறவர்கள் ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது எடுத்துக்கொள்ளுங்கள்; தின்பண்டம் வெளியே தெரிந்தால் குரங்கு விடாது. சித்திரை, வைகாசியில் அந்தப் பாறையில் ஏற நினைக்காதீர்கள். சாலைக்கு மறுபுறமுள்ள கிருஷ்ணகிரி என்ற இன்னொரு கோட்டை மலையையும் அன்றே ஏறிவிடலாம் என்று திட்டமிட்டிருந்தோம். இறங்கி வந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அதற்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும்.