டர்பன் புழுக்கம், ஜொஹானஸ்பர்க் வெயில், கேப் டவுன் காற்று: கோடை ராக் கச்சேரிக்கு எந்த ஊர், எந்த இடம்?

பெரிய ராக் குழுக்கள் தென்னாப்பிரிக்காவுக்கு வருவது பெரும்பாலும் நம் உச்சக் கோடையில்தான். வட அரைக்கோளத்தில் குளிர்காலம் வந்து திறந்தவெளி மேடைகள் ஓய்ந்த பிறகு இந்தப் பக்கம் திரும்புகிறார்கள். யூ2 2011 பிப்ரவரியில் வந்தது, ஃபூ ஃபைட்டர்ஸ் 2014 டிசம்பரில், கிரீன் டே 2025 ஜனவரியில். மூன்று குழுக்களுமே டர்பனுக்கு வரவில்லை. ஆகவே டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருக்கும் ரசிகர்களுக்கு மூன்று வழி: என்3 சாலையில் சுமார் 570 கிலோமீட்டர் போய் ஜொஹானஸ்பர்க்கில் பார்ப்பது, விமானம் ஏறிக் கேப் டவுன் போவது, அல்லது டர்பனுக்கே யாராவது வரட்டும் என்று காத்திருப்பது.

டிக்கெட் விலையையும் தூரத்தையும் எல்லாரும் கணக்குப் போடுகிறார்கள். வெயிலைக் கணக்கில் சேர்ப்பவர்கள் குறைவு. ஜனவரியில் பகலின் உச்ச வெப்பம் மூன்று ஊரிலும் சராசரியாக 26 முதல் 28 டிகிரிக்குள்தான் இருக்கிறது. எண்ணைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஈரப்பதம், உயரம், காற்று மூன்றும் ஊருக்கு ஊர் மாறுவதால் உடம்பு படும் பாடு மூன்று விதம். ஓர் ஊரில் காப்பாற்றும் உத்தி அடுத்த ஊரில் வீணாகிவிடும்.

டர்பன்: வியர்வை காயாத ஊர்

ஒரு லிட்டர் வியர்வை தோலில் முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகும். ஆவியாகாமல் சொட்டினால் எதையும் எடுத்துப் போகாது. உடம்பில் இருந்த தண்ணீரும் உப்பும்தான் நஷ்டம். டர்பன் கோடையின் சிக்கல் இதுதான். வெப்பமானி 30 காட்டி ஈரப்பதம் 75 சதவீதம் இருந்தால் உடம்புக்கு அது 36 டிகிரி போலத் தெரியும்.

மோசஸ் மபீடா அரங்கம் கடற்கரைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் கிண்ணம் போன்ற கட்டடம் கடல்காற்றைத் தடுத்துவிடுவதால், தரையில் நிற்பவருக்கு அது எட்டுவதில்லை. சூரியன் மறைந்தாலும் விடுதலை கிடையாது. ஜனவரி இரவில் வெப்பம் 21 டிகிரியளவில் நின்றுவிடும், ஈரப்பதம் இன்னும் ஏறும். முக்கியக் குழு எட்டரை மணிக்கு மேடையேறும்போது கூட்டம் குதிக்கத் தொடங்கும். அந்த நேரத்தில்தான் பலர் மயங்கி விழுகிறார்கள். "வெயில் போயாச்சு, இனி பயமில்லை" என்ற எண்ணம் டர்பனுக்குப் பொருந்தாது.

இங்கே ஈரத்துண்டும் கைவிசிறியும் அரைப் பலன்தான் தரும், ஆவியாவதற்கு காற்றில் இடமில்லையே. பனிக்கட்டிதான் வேலை செய்யும். பானக் கடையில் ஒரு கோப்பை ஐஸ் வாங்கி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கைக்குட்டையில் சுற்றி, கழுத்தின் இரு பக்கமும் அக்குளிலும் மாற்றி மாற்றி வையுங்கள். முன்கையைக் குளிர்ந்த நீரில் சில நிமிடம் முக்கி வைப்பதும் நல்ல வழி. கழிப்பறைக் குழாயே போதும்.

ஜொஹானஸ்பர்க்: எரிக்கும் சூரியன், பிறகு இடி

சுரைக்குடுக்கை வடிவில் கட்டிய எஃப்என்பி அரங்கம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் பத்து சதவீதமளவு கூடும். டிசம்பர் நண்பகலில் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர் மேலே. காற்று உலர்ந்து இதமாக இருப்பதால் டர்பன்காரர்களுக்கு "இங்கே சூடே இல்லை" என்று தோன்றும். மாலையில் தோள் தீய்ந்திருக்கும். வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் தண்ணீர் போனதும் தெரியாது. காற்றழுத்தமும் கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். முதல் நாள் இரவு வந்து இறங்கி மறுநாள் குதித்தால் மூச்சு சீக்கிரம் வாங்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைக் காரில் விட்டுவிட்டு உள்ளே போகவே கூடாது.

ஈரத்துண்டு இங்கே தங்கம். கழுத்தில் போட்டுக்கொண்டு அரை மணிக்கு ஒரு முறை நனைத்தால் போதும்.

ஆனால் ஹைவெல்ட் என்னும் இந்த மேட்டுநிலத்தின் கோடையில் பிற்பகல் மூன்றுக்கும் இரவு ஏழுக்கும் இடையே இடிமழை எந்த நாளும் வரலாம், ஆலங்கட்டியும் விழலாம். மின்னலுக்கும் இடிச் சத்தத்துக்கும் இடையே 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் உள்ளே ஒதுங்க வேண்டும்; கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகுதான் வெளியே வர வேண்டும். ஒதுங்குவது என்றால் ஸ்டாண்டுக்கு அடியிலுள்ள கான்கிரீட் நடைபாதையில். கூடாரமும் மரமும் கணக்கில் சேராது. மழை பெய்தால் வெப்பம் சட்டென்று 16, 17 டிகிரிக்கு இறங்கும். நனைந்த சட்டையோடு இரவு முழுக்க நடுங்காமலிருக்க, மடித்தால் உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் மழை அங்கி ஒன்று எடுத்துச் செல்லுங்கள். குடையைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

கேப் டவுன்: ஏமாற்றும் காற்று

மூன்றில் உடம்புக்கு மிகச் சுலபமான ஊர் இதுதான். கோடையில் மழை அபூர்வம், காற்று உலர்ந்தது, அரங்கம் இருக்கும் கிரீன் பாயின்டில் கடல் பக்கத்திலேயே. நகர நடுவிலிருந்து இரண்டரை கிலோமீட்டர் நடந்தே அரங்கத்துக்குப் போய்விடலாம்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, கடிகாரம். நாடு முழுவதும் ஒரே நேரம் வைத்திருக்கிறோம், கேப் டவுனோ மேற்குக் கோடியில் இருக்கிறது. டர்பனில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணியளவில். கேப் டவுனில் ஜனவரியில் ஒரு மணியளவில். மறைவதும் அப்படியே: டர்பனிலும் ஜொஹானஸ்பர்க்கிலும் ஏழு மணி, கேப் டவுனில் எட்டு மணி. நாலு மணிக்கு கேட் திறந்தால் டர்பனில் மூன்று மணி நேர வெயில், கேப் டவுனில் நான்கு மணி நேரம். சன்ஸ்கிரீனை இன்னொரு தடவை பூச வேண்டியிருக்கும்.

இரண்டாவது, தென்கிழக்குக் காற்று. அது வீசும் நாளில் வெயில் உறைக்கவே உறைக்காது, தோல் மட்டும் கருகும். 2012 நவம்பரில் லிங்கின் பார்க் கச்சேரியன்று அரங்கத்துக்கு வெளியே நிறுத்தியிருந்த விளம்பரச் சாரம் பலத்த காற்றில் சரிந்து ஒரு பெண் இறந்தார், பலர் காயமடைந்தனர். வரிசையில் காத்திருக்கும்போது நிழல் தேடி விளம்பரப் பலகை, சாரம், காற்றில் ஆடும் கூடாரம் இவற்றின் அடியில் நிற்காதீர்கள். கட்டடச் சுவரின் நிழலில் நிற்கலாம்.

கோல்டன் சர்க்கிளா, பொதுத் தரையா, இருக்கையா?

ஊரைவிட இதுதான் முக்கியமான முடிவு என்பது எங்கள் உறுதியான கருத்து. டர்பனில் நல்ல இருக்கை கிடைத்தால், கேப் டவுனில் மேடைக் கம்பியோரம் நிற்பதைவிட உடம்புக்கு நல்லது.

கோல்டன் சர்க்கிள் என்பது மேடையை ஒட்டிய தனி நிற்குமிடம்; அங்கே கலைஞர் முகம் தெரியும். அதற்கு விலை டிக்கெட்டில் மட்டும் இல்லை. சும்மா நிற்கும் மனித உடம்பே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது, குதித்தால் அதைப் போல நாலைந்து மடங்கு. நெருக்கி நிற்கும் கூட்டத்தில் அந்தச் சூடு பக்கத்திலிருப்பவர் மேல்தான் போகும், இடையில் காற்று புகாது. கம்பியோரம் இடம் பிடித்தவர்கள், விட்டால் போய்விடுமே என்று தண்ணீர் குடிப்பதையும் கழிப்பறை போவதையும் நிறுத்திவிடுகிறார்கள். மயங்கி விழுவதற்கு முக்கியக் காரணம் இந்தப் பிடிவாதம்தான். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் நெருங்கினால் நினைத்த பக்கம் நகர முடியாது. கையை மார்புக்கு முன்னால் மடித்து வைக்க இடமில்லை என்று தெரிந்த உடனே பின்னோ பக்கவாட்டிலோ விலகுங்கள். முடியாவிட்டால் கையை உயர்த்திக் காட்டினால் கம்பிக்கு அப்பாலிருக்கும் காவலர்கள் தூக்கி எடுப்பார்கள்.

பொதுத் தரையில் புத்திசாலித்தனமான இடம், ஒலியைச் சரிசெய்பவர்கள் இருக்கும் ஒலிக்கலவை மேடைக்குப் பின்புறமும் அதன் கிழக்குப் பக்கமும். ஒலி அங்கே கேட்பதற்கென்றே சரிசெய்யப்படுகிறது, கூட்டம் தளர்வாக இருக்கும், வெளியேறும் வழியும் பக்கம். மாலைச் சூரியன் மேற்கே இருப்பதால் அந்த மேடையின் நிழல் கிழக்கே நீளும்.

இருக்கை வாங்குவோர் வரைபடத்தில் முதலில் மேற்குப் பக்கம் எது என்று பாருங்கள். மேற்கு ஸ்டாண்டில் உட்காருபவர் முதுகுக்குப் பின்னால் சூரியன் இறங்கும்; கட்டடமும் கூரையும் பிற்பகலிலேயே நிழல் தந்துவிடும். கிழக்கு ஸ்டாண்டில் இருப்பவருக்கு மறையும் வரை வெயில் நேராக முகத்தில். இரண்டுக்கும் விலை ஒன்றாக இருக்கும்போது கிழக்கை எடுக்கக் காரணமே இல்லை. கீழ் வரிசைகளில் முதல் சில வரிசைகள் கூரைக்கு வெளியே நிற்கும், வெயிலும் மழையும் இரண்டும் படும். பெரியவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் வருகிறார்கள் என்றால் மேற்கு ஸ்டாண்டில் கூரைக்கு உள்ளே, நடைபாதை ஓர இருக்கை. வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

முன்கூட்டியே வரிசையா, தாமதமாகவா?

காலை பத்து மணிக்கே வரிசையில் நிற்பவர், கேட் திறக்குமுன்பே அன்றைய வெயிலின் மோசமான பகுதியை முழுதாக வாங்கிவிடுகிறார். இருக்கை டிக்கெட் வைத்திருப்பவர் இப்படி நிற்பதில் பைசா லாபமில்லை. மாலை ஐந்தரைக்கு வந்தால் போதும். கம்பியோரம்தான் வேண்டும் என்பவர்கள் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து, முக்கால் மணிக்கு ஒருவர் என்று முறை வைத்து நிழலுக்குப் போய் வாருங்கள்.

என்ன குடிப்பது?

வெறும் தண்ணீர், விளையாட்டுப் பானம், உப்பு சர்க்கரைக் கரைசல், பீர். இந்த நான்கில் கடைசியை முதலிலேயே தள்ளிவிடலாம். அது சிறுநீரைக் கூட்டி உள்ள தண்ணீரையும் வெளியேற்றும், மயக்க அறிகுறியையும் போதை என்று நினைக்கவைக்கும்.

முதல் இரண்டு மணி நேரத்துக்கு வெறும் தண்ணீரே போதும்: கால் மணிக்கு ஒரு முறை 200 மில்லி. அதற்கு மேல் வியர்த்தால் உப்பு வேண்டும். வெறும் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும்; மணிக்கு 1.4 லிட்டரைத் தாண்டவே கூடாது. எனர்ஜேட் மாதிரியான விளையாட்டுப் பானம் சுவைக்கு நல்லது, உப்பு குறைவு, சர்க்கரை அதிகம். நம் கிளினிக்குகளில் சொல்லித்தரும் கரைசல் அதைவிட மேல்: கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் எட்டு மட்டத் தேக்கரண்டி சர்க்கரை, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு. உப்பைக் கூட்டாதீர்கள். நீரிழிவு உள்ளவர்கள் இதை வழக்கமாகக் குடிக்காமல் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கரைசலைப் புட்டியில் கொண்டுபோனால் கேட்டில் தடுக்கலாம். பல கச்சேரிகளில் எந்தப் புட்டிக்கும் அனுமதி கிடையாது, சிலவற்றில் முத்திரை உடையாத தண்ணீருக்கு மட்டும் உண்டு. டிக்கெட்டோடு வரும் விதிகளை முன்பே படியுங்கள். ரீஹைட்ராட் மாதிரியான உப்பு சர்க்கரைத் தூள் பொட்டலம் சட்டைப்பையில் அடங்கும், உள்ளே தண்ணீர் வாங்கிக் கரைத்துக்கொள்ளலாம். வீட்டிலிருந்து கிளம்பும்போது உப்பு போட்ட நீர்மோர் இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் போவது எல்லாவற்றுக்கும் நல்ல தொடக்கம். ரொட்டியைக் குடைந்து குழம்பு நிரப்பித் தரும் பன்னி சௌ (bunny chow) வேண்டாம், அதைக் கச்சேரி முடிந்து சாப்பிடுங்கள். எண்ணெயும் ரொட்டியும் வயிற்றில் கனத்தால் வெயிலில் குமட்டும்.

உடை, மருந்து

குழுவின் பெயர் போட்ட கறுப்புப் பருத்தி டீ ஷர்ட் இல்லாமல் ராக் கச்சேரியா என்பார்கள். ஜொஹானஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும் தளர்வாக இருந்தால் பரவாயில்லை. டர்பனில் பருத்தி நனைந்து உடம்போடு ஒட்டிக் கனத்துவிடும். மெல்லிய, சீக்கிரம் உலரும் விளையாட்டுத் துணி மேல். கறுப்புச் சட்டையை இரவில் மாற்றிக்கொள்ளலாம். சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. நம் நிறத்துக்குத் தேவையில்லை என்பது தவறு, ஜொஹானஸ்பர்க் வெயில் நிறம் பார்ப்பதில்லை.

இன்சுலின் போடுபவர்கள் பேனாவைக் குளிர்காப்புப் பையில் வையுங்கள், ஐஸைத் தொடவிடாதீர்கள், உறைந்தால் கெட்டுவிடும். கேட்டில் காட்ட மருத்துவர் கடிதம் வேண்டும். நீர் போகும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அன்றைய நேரத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

களைப்பா, வெப்பத் தாக்கா?

தலைசுற்றல், குமட்டல், தசைப் பிடிப்பு, கொட்டும் வியர்வை, ஆனால் பேச்சு தெளிவு: இது வெப்பக் களைப்பு. நிழலில் படுக்கவைத்து, காலை உயர்த்தி, கரைசலைச் சிறுகச் சிறுகக் கொடுத்தால் அரை மணியில் தேறுவார்கள். பேச்சு குளறினால், இடம் தெரியாமல் விழித்தால், நினைவு தப்பினால் அது வெப்பத் தாக்கு. உடம்பு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்வை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சந்தேகம் வேண்டாம். வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உடனே உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், டர்பனில் ஐஸும் சேர்த்து. ஒருவர் முதலுதவிக் கூடாரத்துக்கு ஓடட்டும், இன்னொருவர் கைபேசியில் 112 அல்லது 10177 அழைக்கட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது.

ஜொஹானஸ்பர்க் போகும் டர்பன் குழுக்களுக்குக் கடைசியாக ஒன்று. கச்சேரி பதினொரு மணிக்கு முடிந்து, வாகன நிறுத்தத்தைவிட்டு வெளியேறவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நீர் வற்றிய உடம்போடு அந்த இரவே டர்பன் திரும்பும் வழியிலுள்ள வான் ரீனன் மலைக் கணவாயை இறங்குவது கச்சேரியைவிட ஆபத்தானது. மூடுபனி வேறு இருக்கும். ஜொஹானஸ்பர்க்கின் லெனேசியா பகுதியில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கே, இல்லையென்றால் விடுதியில் தங்கி, தூங்கி எழுந்து, சிறுநீர் வெளிர் மஞ்சளாகும்வரை தண்ணீர் குடித்துவிட்டுக் காலை எட்டு மணிக்கு மேல் வண்டியை எடுங்கள்.