பிளேட் ரன்னர், கட்டாக்கா, சில்ட்ரன் ஆஃப் மென்: எந்த எதிர்காலம் அதிகம் பயமுறுத்துகிறது?

இருண்ட எதிர்காலத்தைக் காட்டும் படங்கள் என்று பேச்செடுத்தாலே முதலில் அடிபடும் பெயர் ‘பிளேட் ரன்னர்’. ரிட்லி ஸ்காட் 1982-இல் எடுத்தது. விடாத மழை, நியான் வெளிச்சம், வான்ஜெலிஸின் இசை. பிறகு வந்த எத்தனையோ படங்கள் அந்த நகரத்தைத்தான் திரும்பத் திரும்பக் கட்டின. ஆனாலும் என் வரிசையில் அதற்கு மூன்றாவது இடம்தான். ஆண்ட்ரூ நிக்கோலின் ‘கட்டாக்கா’வும் (1997) அல்ஃபோன்சோ குவாரோனின் ‘சில்ட்ரன் ஆஃப் மென்’னும் (2006) அதற்கு மேலே.

உலகம் எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்பதைவிட, மனிதர்கள் அதற்கு எவ்வளவு பழகிப்போயிருக்கிறார்கள் என்பதைத்தான் இந்த வகைப் படங்களில் நான் பார்க்கிறேன்.

பிளேட் ரன்னரில், தப்பி வந்த செயற்கை மனிதர்களைத் தேடிச் சுடுவது டெக்கார்டின் வேலை. உயிருக்குப் பயந்து ஓடும் ஒரு பெண்ணை முதுகில் சுடுகிறான். அவள் கண்ணாடிகளை உடைத்துக்கொண்டு போய் விழுகிறாள். கொடூரமான காட்சி. ஆனால் அவ்வளவு அழகாகப் படமாக்கியிருப்பதால் பயம் வரவேண்டிய இடத்தில் வியப்புதான் வருகிறது. கடைசியில் மழையில் நனைந்தபடி, செயற்கை மனிதர்களின் தலைவனாக வரும் ரட்கர் ஹாவர் பேசும் சில வரிகள்தான் நெஞ்சைப் பிடிக்கின்றன. பார்ப்பதென்றால் 2007-இல் வந்த ‘ஃபைனல் கட்’ பதிப்பைப் பாருங்கள். முதலில் தியேட்டருக்கு வந்ததில் டெக்கார்டின் பின்னணிக் குரலும் ஒட்டவைத்த சுபமுடிவும் படத்தைக் கெடுக்கின்றன.

கட்டாக்காவில் மழையும் இல்லை, குப்பையும் இல்லை, எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. பிறந்த கையோடு வின்சென்ட்டின் ஒரு துளி ரத்தத்தைப் பரிசோதித்து, இதயக் கோளாறுக்கு 99 சதவீத வாய்ப்பு, ஆயுள் 30.2 ஆண்டுகள் என்று நர்ஸ் வாசிக்கிறார். ஆன்டன் என்று தன் பெயரை வைக்கவிருந்த அப்பா சட்டென்று மனம் மாறி அதைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறார். பிறகு, தேர்ந்தெடுத்த மரபணுக்களோடு பிறக்கும் தம்பிக்கு அந்தப் பெயர் போகிறது. அப்பா கெட்டவர் இல்லை என்பதுதான் இங்கே வலிக்கிறது.

மரபணுவைப் பார்த்து ஆளை ஒதுக்குவது அந்த நாட்டில் சட்டப்படி தவறு. யாரும் சட்டை செய்வதில்லை. பிற்பாடு வின்சென்ட் இன்னொருவனின் அடையாளத்தோடு விண்வெளி நிறுவனத்தில் வேலை கேட்டுப் போகிறான். சிறுநீர் மாதிரியைப் பரிசோதித்ததும் மருத்துவர் வாழ்த்துச் சொல்கிறார். அப்போ நேர்முகத் தேர்வு? அதுதான் முடிந்துவிட்டதே! மிரட்டலோ சத்தமோ இல்லாமல் ஒரு சமூகத்தின் அநியாயம் முழுவதும் அந்த ஒரு பதிலில் வந்துவிடுகிறது. நடுவில் வரும் கொலை விசாரணைதான் கொஞ்சம் இழுவை.

சில்ட்ரன் ஆஃப் மென் கதை 2027-இல் பிரிட்டனில் நடக்கிறது. உலகில் குழந்தை பிறந்தே 18 ஆண்டுகளாகிவிட்டன. ரயில் நிலையத்தில் அகதிகளைக் கூண்டில் அடைத்து வைத்திருக்கிறார்கள். தியோ அதைக் கடந்து போகிறான். கேமரா திரும்பிப் பார்க்கிறது, அவன் பார்ப்பதில்லை. கதாநாயகனே பழகிப்போன ஆள் என்பதை வசனமே இல்லாமல் காட்டிவிடுகிறார்கள்.

அதனால்தான் பிற்பகுதியில் வரும் அந்தப் படிக்கட்டுக் காட்சி அவ்வளவு தாக்குகிறது. அகதி முகாமில் கடும் சண்டை. இடிந்த கட்டடத்திலிருந்து கைக்குழந்தையோடு ஒரு தாய் இறங்கி வருகிறாள். அழுகைச் சத்தம் கேட்டதும் சிப்பாய்கள் சுடுவதை நிறுத்தி வழிவிடுகிறார்கள், சிலர் மண்டியிடுகிறார்கள். அவள் தாண்டிப்போன சிறிது நேரத்திலேயே ஒரு குண்டு வெடிக்கிறது, மறுபடியும் துப்பாக்கிச் சத்தம். அற்புதத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் பழைய வேலைக்கே திரும்பிவிடுகிறார்கள். எத்தனை தடவை பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்கு ஆத்திரம் வரும். குறை சொல்வதென்றால், அரசை எதிர்க்கும் குழுவின் அரசியலை மேலோட்டமாகத்தான் தொட்டிருக்கிறார்கள்.

இவை இரண்டில் எது முதலிடம் என்பதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை: சில்ட்ரன் ஆஃப் மென்தான். கட்டாக்காவின் வின்சென்ட் அசாதாரணமான பிடிவாதக்காரன். அவனைப் போல எல்லோராலும் வாழ முடியாது. தியோ அப்படியில்லை. சலித்துப்போன, குடிக்கிற, சாதாரண அலுவலக ஆள். துப்பாக்கியை அவன் தொடுவதே இல்லை. படத்தின் ஒரு பகுதியில் ரப்பர் செருப்போடுதான் அலைகிறான்.