பொறுத்துப் போவதா, புகார் கொடுப்பதா, டீம் மாறுவதா, வெளியேறுவதா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே எனக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடும். மறுநாள் மீட்டிங்கில் யார் முன்னால், எதற்காக மேனேஜரிடம் திட்டு விழும் என்று தெரியாது. அப்படி ஒன்றரை வருடம் ஓட்டினேன். இந்த நான்கில் மூன்றை அங்கேயே முயன்று பார்த்தேன், நான்காவதைப் பின்னாளில்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். பிரச்சினை ஒரு ஆளிடமா, இல்லை அந்த நிறுவனம் முழுக்கவா? பக்கத்து டீமில் இருப்பவர்கள் நிம்மதியாக வேலை செய்கிறார்கள் என்றால் ஒரு ஆள்தான். கத்துகிறவருக்கே வருடா வருடம் பதவி உயர்வு கிடைக்கிறது என்றால் மேலிடத்துக்கும் அது சம்மதம்தான். எந்த வழி சரி என்பது பெரும்பாலும் இதை வைத்தே முடிவாகிவிடும்.

பெரும்பாலானோர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுகிறோம். கடன் இருக்கிறது, வீடு நம்மை நம்பி இருக்கிறது, அதில் தப்பே இல்லை. ஆனால் ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள். கெடு இல்லாத பொறுமை உடம்பைத் தின்றுவிடும். தீராத களைப்பு, வேலை மீது வெறுப்பு கலந்த விலகல், எதையும் சரியாகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம், இந்த மூன்றும் சேர்ந்ததைத்தான் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் 'பர்ன் அவுட்' என்று வரையறுத்தது. சமாளிக்கப்படாத வேலை அழுத்தத்தால் வருவது என்றும் சொன்னது. ஆகவே இதை உங்கள் பலவீனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

புகார் கொடுப்பதில்தான் நான் பெரிய தப்பு செய்தேன். எச்.ஆர். (மனிதவளத் துறை) அறையில் போய் வாயால் சொல்லிவிட்டு வந்தேன், அன்று மாலைக்குள் விஷயம் மேனேஜர் காதுக்குப் போய்விட்டது. எச்.ஆர். நிறுவனத்துக்காக வேலை செய்கிற துறை, நம்மிடம் அன்பாகப் பேசினாலும் அதுதான் நிஜம். அதனால் எழுத்தில் கொடுங்கள். தேதி, நேரம், சொன்ன வார்த்தை அப்படியே, உடன் இருந்தவர்கள், எல்லாவற்றையும் அன்றன்றைக்கே உங்கள் சொந்த நோட்டில் குறித்து வையுங்கள். அலுவலக ஃபைல்களைச் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள், அதையே உங்கள் மீது குற்றமாகத் திருப்புவார்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து கொடுத்தால் மூடி மறைப்பது கஷ்டம். 'ஒரு தடவைதானே நடந்தது' என்று யாராவது மழுப்பினால், 2019-இல் ஏற்கப்பட்ட சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 190-வது உடன்படிக்கையைச் சொல்லலாம். ஒரே ஒரு முறை நடந்தாலும் அது துன்புறுத்தலாகலாம் என்கிறது அது, மனத்துக்கு நேரும் பாதிப்பையும் கணக்கில் எடுக்கிறது. அதை ஏற்றுக்கொண்ட நாடுகளைத்தான் கட்டுப்படுத்தும் என்பதையும் நினைவில் வையுங்கள். பாலியல் தொந்தரவு, அடி, சம்பளத்தைப் பிடித்து வைப்பது போன்றவற்றில் உள்ளேயே காத்திருக்க வேண்டாம், நேராகச் சட்ட உதவியைத் தேடுங்கள்.

பிரச்சினை ஒரு ஆள்தான் என்றால் என் ஓட்டு டீம் மாறுவதற்கு. சம்பளம் பெரும்பாலும் அப்படியே இருக்கும், சேர்த்து வைத்த விடுப்பும் போகாது. சிக்கல் என்னவென்றால் பல இடங்களில் இப்போதைய மேனேஜரின் சம்மதம் வேண்டும். புது டீமிடம் பழையவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், 'இந்த வேலையைக் கற்றுக்கொள்ள ஆசை' என்று மட்டும் சொன்னேன். கிடைத்தது. அதே கட்டடம், இரண்டு மாடி தள்ளி. ஒரு மாதத்தில் தூக்கம் திரும்பி வந்தது.

நிறுவனமே அப்படித்தான் என்றால் மாடி மாறிப் பயனில்லை, வெளியேற வேண்டியதுதான். முடிந்தவரை அடுத்த வேலையைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள், ஏனென்றால் சும்மா இருக்கிற பதற்றத்தில் கிடைத்ததை ஏற்றுக்கொண்டு, முன்னதைப் போலவே இன்னொரு இடத்தில் மாட்டிக்கொள்கிற ஆபத்து உண்டு. ஆனால் காலையில் எழவே முடியவில்லை, அழுகை நிற்கவில்லை என்றால் கணக்குப் பார்க்காதீர்கள், டாக்டரைப் பார்த்து மருத்துவ விடுப்பு எடுங்கள், மற்றதை அப்புறம் யோசிக்கலாம்.

புது இடத்து நேர்காணலில் ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்கள்: 'இந்த வேலையில் முன்பு இருந்தவர் ஏன் போனார்?' பல வருடம் கழித்து நானும் நிறுவனம் மாறியபோது ஓரிடத்தில் இதைக் கேட்டேன். எதிரே இருந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அங்கே சேரவில்லை.