வேக சென்சார்: கியர்பாக்ஸுக்கு வெளியே இருப்பதா, உள்ளே இருப்பதா?

டீசல் பிக்கப் வாங்கும்போது இன்ஜினைப் பார்ப்போம், டர்போவைப் பார்ப்போம். கியர்பாக்ஸின் வேக சென்சார் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. நான் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுத்தேன். ஒரு பக்கம், 6.5 லிட்டர் டீசலோடு 4எல்80இ என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் பொருத்திய பழைய ஜிஎம் வண்டி. இன்னொரு பக்கம், இசட்எஃப் நிறுவனத்தின் 8எச்பி70 என்ற எட்டு கியர் ஆட்டோமேட்டிக் உள்ள ராம் 1500 ஈகோடீசல். பழையதைத்தான் எடுத்தேன்.

கியர் மாறும் மென்மை, டீசல் சிக்கனம் இரண்டிலும் எட்டு கியர் வண்டிதான் மேல். அதில் வாதமே இல்லை. என்னை இழுத்தது பராமரிப்பு.

4எல்80இ-யில் இடது பக்கம் வெளியிலேயே இரண்டு சென்சார்கள் தெரியும். முன்னால் இருப்பது இன்புட் (கியர்பாக்ஸுக்குள் வரும் வேகம்), பின்னால் இருப்பது அவுட்புட் (வெளியே போகும் வேகம்). ஆளுக்கு ஒரு போல்ட், இரண்டு ஒயர். உள்ளே காந்தமும் சுருளும்தான். கியர்பாக்ஸில் சுழலும் பாகத்தின் பல் சென்சாரைக் கடக்கக் கடக்க ஏசி மின்னழுத்தம் உண்டாகும். வேகம் கூடினால் அதுவும் கூடும். கம்ப்யூட்டர் இரண்டு வேகத்தையும் கியர் விகிதத்தோடு ஒப்பிட்டு, கணக்கு ஒத்துவராவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்று முடிவு கட்டிவிடும். அதனால் சென்சார் கோளாறு பல நேரம் கியர்பாக்ஸே போய்விட்டது போலத் தோன்றும்.

எனக்கும் அப்படித்தான், பி0722 என்ற கோளாறுக் குறியீடு வந்தது, அதாவது அவுட்புட் சிக்னல் இல்லை. இரண்டு சென்சாரும் ஒரே பாகம் என்பதால் இடம் மாற்றி மாட்டினேன். கோளாறு சென்சாரோடு இன்புட் பக்கம் போயிருந்தால் பி0717, அதாவது இன்புட் சிக்னல் இல்லை என்று வந்திருக்கும். திரும்பவும் பி0722-தான் வந்தது. அப்போது ஒயரில்தான் கோளாறு. தேடினால், முன்பு ஒரு வேலைக்காகக் கழற்றிய கிளிப்பை நான் மாட்டாமல் விட்ட இடத்தில் ஒயர் உரசித் தேய்ந்திருந்தது. ஒரு மல்டிமீட்டரோடு வேலை முடிந்தது.

8எச்பி-யில் இந்த வழி கிடையாது. சென்சார்கள் உள்ளே, மெக்கட்ரானிக் யூனிட்டோடு (வால்வுகளும் கட்டுப்பாட்டு மின்னணுவும் ஒன்றான பகுதி) சேர்ந்தவை. ஆயிலை வடித்து, ஃபில்டரோடு ஒன்றாக வரும், அடியில் உள்ள பிளாஸ்டிக் ஆயில் தட்டைக் கழற்றினால்தான் அந்த யூனிட்டே கைக்கு எட்டும். சென்சாரை மட்டும் தனியாக மாற்றும் வேலை அல்ல அது. காந்தப்புலத்தை மின்னணு முறையில் உணரும் ஹால் வகை என்பதால், சுருளைப் போல மின்தடையை (ஓம்) அளந்தும் பயனில்லை. சரி, அதற்கும் நல்ல பக்கம் உண்டு: சேறும் தண்ணீரும் அண்டாது, ஹால் சென்சார் மிகக் குறைந்த வேகத்திலும் தெளிவாகப் படிக்கும். என் சுருள் சென்சார் அங்கே பலவீனம்தான். 8எச்பி-யை நானே பிரித்ததில்லை; பிரிக்கும்போது ஒரு முறை பக்கத்தில் நின்றிருக்கிறேன், அவ்வளவுதான்.

4எல்80இ வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. மூன்றாவது கியர் விகிதம் 1.00. அந்தக் கியரில் ஓட்டிக்கொண்டே ஸ்கேனரில் இரண்டு வேகத்தையும் பாருங்கள். சமமாக இருக்க வேண்டும். சுமை ஏற ஏற மெல்ல விலகினால் கிளட்ச்சைச் சந்தேகிக்கலாம். ஒன்று மட்டும் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால், முதலில் ஒயரையும் கனெக்டரையும் பாருங்கள். அப்புறம் சென்சாரைக் கழற்றி, முனையில் ஒட்டியிருக்கும் இரும்புத் துகளைத் துடையுங்கள்.